ஹமமற்சுவின் ஐந்நூறு பழைய எஞ்சின்கள்

பெருந்தொழில்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு கண்டுபிடிப்பிலிருந்தே கதையைத் தொடங்குவர். ஒருவர் சிந்தித்தார், ஒரு புதுமையைக் கண்டார், உலகம் அதனை ஏற்றுக்கொண்டது என்று அந்த வரலாறு ஒழுங்காகச் செல்லும். நேயர்களே, யான் இன்று கூறப் புகுவது அத்தகைய வரலாறன்று. போரில் தோற்ற ஒரு நாட்டின் சிறு நகரொன்றிலே, எவரும் கேட்பாரற்றுக் கிடந்த சில எஞ்சின்களைக் கழற்றித் துடைத்துப் பழுதுபார்த்துச் சைக்கிள்களிற் பூட்டிய ஒருவரின் கதை இது. அங்கே முதலில் நிகழ்ந்தது திருத்த வேலை. கண்டுபிடிப்பு அதன் பின்னரே வந்தது. இந்த வரிசையை மாற்றிச் சொல்லுகின்றவர்கள் கதையின் உயிரையே விட்டுவிடுகின்றார்கள் என்பது என் எண்ணம்.

யப்பானின் பசுபிக் கரையிலே டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடைநடுவில் அமைந்தது ஹமமற்சு நகரம். நெசவுத் தறிகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் பெயர்பெற்ற ஊர். 1945ஆம் ஆண்டிலே வானிலிருந்து விழுந்த குண்டுகளாலும், அவ்வாண்டு யூலை மாத இறுதியிற் கடலிலிருந்து போர்க்கப்பல்கள் பொழிந்த எறிகணைகளாலும் அந்நகரம் பெரும்பாலும் சாம்பராயிற்று. ஆகஸ்ட் மாதத்திற் போர் முடிந்தபோது மக்களுக்கு உணவு தட்டுப்பாடு, புகைவண்டிகளில் மனிதர் ஒருவர்மேல் ஒருவராய் ஏறிச் சென்றனர், பஸ் இல்லை, பெற்றோல் பங்கீட்டுக்கு உட்பட்டிருந்தது. நகரத்தவர் அரிசியும் கிழங்கும் தேடி நாட்டுப்புறங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவர்களிடம் எஞ்சியிருந்த வாகனம் சைக்கிள் ஒன்றே.

இந்நிலையில், 1946 ஒக்டோபரில், சொய்ச்சிரோ ஹொண்டா என்பவர் ஹமமற்சுவில் ஒரு சிறு கொட்டகையிலே தம் பட்டறையைத் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஹொண்டா தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்'. பெயர் பெரிது, உள்ளே இருந்தவர்களோ ஒரு டசின் பேரளவினர், இருந்த இயந்திரங்களும் பழையவை. அப்பொழுது அவருக்கு வயது நாற்பதை அணுகிக்கொண்டிருந்தது.

அவரது முன்வரலாறு நம் கதைக்கு இன்றியமையாதது. 1906ஆம் ஆண்டிலே ஹமமற்சுவுக்கு அண்மையிலுள்ள கொமியோ என்னும் கிராமத்திற் பிறந்தவர். தந்தையார் கொல்லர், சைக்கிள் திருத்தும் தொழிலும் அவருக்குண்டு. மகன் 1922இல் டோக்கியோ சென்று 'ஆர்ட் ஷோக்காய்' என்னும் மோட்டார் திருத்தும் கராச்சிற் பயிலுநராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே டோக்கியோவை உலுக்கிய பெரும் பூகம்பமும் தீயும் வந்தன. எரிந்துபோன மோட்டார் வண்டிகளைத் திருத்தி எழுப்பும் வேலை அந்தக் கராச்சுக்குக் கிடைத்தது. சட்டம் வளைந்து, மரச்சில்லுகள் கரியாகிப்போன வண்டிகளை மீண்டும் ஓடச் செய்வதிலேதான் அந்த இளைஞர் தொழில் கற்றார். 1928இல் அந்நிறுவனத்தின் ஹமமற்சுக் கிளை அவர் பொறுப்பில் வந்தது.

பின்னர் 1930களின் பிற்பகுதியிலே, திருத்துவதை விட்டுப் பொருள் உற்பத்தி செய்ய விரும்பிப் பிஸ்டன் றிங்குகளை வார்க்கத் தொடங்கினார். பிஸ்டன் றிங் என்பது விரலிற் போடும் மோதிரம் போன்ற, ஓரிடத்தில் வெட்டுவாயுடைய ஓர் இரும்பு வளையம். பிஸ்டனைச் சுற்றிலும் அமர்ந்து சிலிண்டரின் சுவரோடு ஒட்டி நின்று, வெடித்த வாயு கீழே ஒழுகாதபடி காப்பது அதன் தொழில். பார்வைக்கு அற்பமான பொருள். ஆனால் மிகக் கடினமாக இருந்தாற் சிலிண்டரைத் தின்றுவிடும். மென்மையாக இருந்தால் தானே தேய்ந்துவிடும். மீள்சக்தி குறைந்தால் ஒட்டி நில்லாது. ஹொண்டாவின் றிங்குகள் இவையனைத்திலும் தோற்றன. காரணம் அறியாது திகைத்தவர், ஹமமற்சுத் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவரிடம் சென்றார். வார்ப்பிரும்பிற் சிலிக்கன் போதாது என்று அவர் எடுத்துக்காட்டினார். உடனே ஹொண்டா, தொழிற்சாலையின் முதலாளியாக இருந்துகொண்டே, அக்கல்லூரியிற் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தார். டொயோட்டா நிறுவனத்துக்கு அனுப்பிய முதற்றொகுதியிற் பரிசோதனைக்கு எடுத்த ஐம்பது றிங்குகளில் மூன்றே தேறின என்று அவர் வரலாறு கூறும். ஈராண்டளவு முயன்றபின்பே ஏற்கத்தக்க றிங்குகள் வந்தன.

கல்லூரியிலே அவர் தமக்கு வேண்டிய பாடங்களை மட்டும் கேட்டார், பரீட்சை எழுதவில்லை, ஆதலாற் பட்டயமும் பெறவில்லை. பாடசாலை அதிபராகிய என்னிடம் இத்தகைய மாணவர் ஒருவர் வந்தால் அவரை எந்த இடாப்பில் எழுதுவது என்று யான் தடுமாறுவேன் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

போர்க்காலத்திற் குண்டுவீச்சும், 1945 யனவரியில் நிகழ்ந்த மிக்காவாப் பூகம்பமும் அவரது றிங்குத் தொழிற்சாலையைச் சிதைத்தன. எஞ்சியதை அவர் டொயோட்டா குழுமத்துக்கு விற்றுவிட்டு ஓராண்டு யாதொன்றும் செய்யாதிருந்தார். பிற்காலத்திற் புகழுரை எழுதியோர் அந்த ஓய்வையும் ஒரு தவமாக ஆக்கிவிட்டனர். ஆனால் அவ்வாண்டில் அவர் ஒரு பீப்பாய் மதுசாரத்தை வாங்கி வீட்டில் வைத்திருந்தார் என்பதும் வரலாறே.

இனி எஞ்சினுக்கு வருவோம். ஹொண்டா ஒருநாள் நண்பர் ஒருவரின் வீட்டிலே ஒரு சிறு எஞ்சினைக் கண்டார். பழைய யப்பானியத் தரைப்படையின் ஆறாம் இலக்கக் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் ஆக்குவதற்காக மிக்குனி நிறுவனம் செய்த எஞ்சின் அது. இரண்டு வீச்சு எஞ்சின். கொள்ளளவு ஏறத்தாழ ஐம்பது கனசென்ரிமீற்றர். படை கலைக்கப்பட்டபின் அதனைக் கேட்பார் இல்லை. இதனைச் சைக்கிளிற் பூட்டினால் என்ன என்னும் எண்ணம் அவ்விடத்திலேயே தோன்றிற்று.

வானொலிக்காக மின்சாரம் ஆக்கிய எஞ்சின் யப்பானிலே சைக்கிளில் ஏறியது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, 1990ஐ அடுத்த ஆண்டுகளில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்திலே இதற்கு நேர்மாறானது நடந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுற்ற வேண்டும். அக்காலத்து நேயர்கள் இதனை மறந்திருக்கமாட்டார்கள்.

இரண்டு வீச்சு எஞ்சின் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சற்று விளக்கினாலன்றி, ஹொண்டா செய்த வேலையின் அருமை புலப்படாது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டூகல்ட் கிளார்க் 1881இல் இவ்வகை எஞ்சினுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் அவரது எஞ்சினுக்குப் புதிய கலவையை உள்ளே செலுத்தத் தனியாக ஒரு பம்பி வேண்டியிருந்தது. அடுத்த பத்தாண்டிலே, இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த யோசப் டே என்பவர், பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறையையே பம்பியாக்கலாம் என்று கண்டார். பிஸ்டன் மேலே போகும்போது கீழறையிலே வெற்றிடம் உண்டாகி, பெற்றோலும் எண்ணெயும் காற்றும் கலந்த ஆவியை உறிஞ்சும். பிஸ்டன் கீழே வரும்போது அந்த ஆவி அமுங்கி, பக்கத்து வாய்க்காலால் ஏறிச் சிலிண்டருள்ளே புகுந்து, எரிந்த புகையை வெளியே தள்ளும். அவரிடம் பணியாற்றிய பிரெடரிக் கொக் என்பவர் உறிஞ்சும் வாயிலையும் பிஸ்டனின் ஓரமே திறந்து மூடும்படி அமைத்தார். வால்வு இல்லை, வால்வைத் தூக்கும் தண்டுகள் இல்லை. சுற்றும் தண்டு, அதனைப் பற்றிய கோல், பிஸ்டன் ஆகிய மூன்றே அசைவன. ஒரு சைக்கிள் தாங்கக்கூடிய எடையில் எஞ்சின் செய்ய வேண்டுமாயின் இதனினும் எளிய வழி அன்று இல்லை.

எளிமைக்கு விலையும் உண்டு. கீழறையே பம்பியாக இருப்பதால், சுற்றும் தண்டின் இரு முனைகளிலும் உள்ள அடைப்புகள் சற்றுக் கசிந்தாலும் எஞ்சின் வலுவிழக்கும். தேய்ந்த இரண்டு வீச்சு எஞ்சினை முதன்முதலாகத் திறப்பவர், குற்றம் றிங்கிலே என்று எண்ணிப் புது றிங் போடுவார். அப்பொழுதும் எஞ்சின் சோம்பியே ஓடும். உண்மையிற் குற்றம் கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்பில் இருக்கும். இரண்டாவது, எண்ணெய் பெற்றோலோடு கலந்தே வருவதால், எரிந்த எண்ணெய் புகைவாயிலிலும் சைலன்சரிலும் கரியாய்ப் படியும். இரத்தக் குழாய் அடைபட்ட மனிதனைப்போல எஞ்சின் மூச்சுத் திணறும். அக்கரியை மரத்தாலோ மென்மையான உலோகத்தாலோ ஆன கருவியாற் சுரண்ட வேண்டும்; உருக்கு உளியைப் பிடித்தால் அலுமினியப் பிஸ்டனிற் கோடு விழும். மூன்றாவது, சிலிண்டர் எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்த மேற்பகுதியிலும், வாயில்கள் வெட்டப்பட்ட இடங்களைச் சுற்றிலும் தேய்வு மிகும். ஆகவே றிங்கைக் கழற்றிச் சிலிண்டருள் மட்டமாக வைத்து, அதன் வெட்டுவாயில் எவ்வளவு இடைவெளி உண்டென்று தகட்டளவியாற் பார்க்க வேண்டும். மேலே ஓரளவு, கீழே ஓரளவு என்று வந்தாற் புது றிங்கினாற் பயனில்லை. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். அதனை 'போர் அடித்தல்' என்று நம்மூர் மெக்கானிக்குகள் கூறுவர். போர் அடித்த பின்பும் அவசரம் கூடாது. முதல் நாட்களில் வேகம் குறைத்து, எண்ணெயைச் சற்றுக் கூட்டி ஓட்டினாலே றிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று இணங்கும்.

றிங்கின் குணத்தை அறிய ஈராண்டு செலவிட்ட மனிதரின் கையிலே இந்த எஞ்சின்கள் வந்து சேர்ந்தமைதான் வரலாற்றின் நல்லூழ். ஏறத்தாழ ஐந்நூறு எஞ்சின்களை அவர் சேர்த்தார். வந்தபடியே அவற்றைப் பூட்டி விற்றிருக்கலாம். வாங்குவோர் வாசலிற் காத்திருந்தனர். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொன்றையும் முற்றாகக் கழற்றி, குறையுள்ள பகுதியைத் திருத்தி, மீண்டும் பூட்டி, சைக்கிளில் ஏற்றி ஓட்டிப் பார்த்த பின்னரே விற்கவிட்டார். நிலையாக ஒரே வேகத்தில் நின்று மின்சாரம் ஆக்கிய எஞ்சினுக்கும், மேட்டில் ஏறி இறங்கி நின்று புறப்பட வேண்டிய சைக்கிள் எஞ்சினுக்கும் வேற்றுமை பெரிது. ஆதலால் அவ்வேலை வெறும் துடைப்பு வேலையாக இருந்திருக்க முடியாது.

முதல் வண்டியில் எண்ணெய்த் தாங்கியாக அமைந்தது என்ன தெரியுமா? குளிர்காலத்திற் படுக்கையைச் சூடாக்க யப்பானியர் பயன்படுத்தும் வெந்நீர்க் கலன். முதலில் எஞ்சினை முன்சில்லின்மேல் வைத்து, உருளையொன்று ரயரோடு உராய்ந்து சில்லைச் சுழற்றும்படி செய்தார்கள். பிரான்சிலே 1946இல் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ் வண்டியும் அதே முறையில் அமைந்து பல்லாண்டு வெற்றியோடு ஓடியது. ஆனால் போருக்குப் பிந்திய யப்பானிய ரயர்கள் அவ்வுராய்வைத் தாங்கவில்லை. ஆகவே எஞ்சினைச் சட்டத்தின் நடுவே இறக்கி, வார்ப்பட்டியாற் பின்சில்லைச் சுழற்றும் முறைக்கு மாறினார்கள். ஒரே கருத்து பிரான்சிற் பலித்ததும் ஹமமற்சுவிற் பலிக்காததும் ரப்பரின் தரத்தினால் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எரிபொருளும் ஒரு சிக்கல். பங்கீட்டுப் பெற்றோல் போதாமையினால், பைன் மர வேரிலிருந்து வடித்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். போரின் இறுதிக் காலத்தில் விமானங்களுக்காகவென்று யப்பானிய அரசு பள்ளிப் பிள்ளைகளையும் கொண்டு தோண்டுவித்த பைன் வேர்கள் நாடெங்கும் உண்டு. அவ்வெண்ணெய் எளிதிற் பற்றாது. குளிர்ந்த எஞ்சினை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்தபின்பே அது உயிர்பெறும். பின்னே பைன் மணமும் புகையும் தெருவெங்கும் பரவும். அதன் ஓசையைக் கொண்டு மக்கள் அவ்வண்டிக்கு 'பற்றா பற்றா' என்று பெயரிட்டார்கள்.

புதிய வண்டியை ஊரறிய ஓட்டிக் காட்டியவர் ஹொண்டாவின் துணைவியார் சச்சி அம்மையார். பெண்ணாலும் ஓட்ட முடியுமா என்று பார்க்கவே கணவர் தம்மை ஏற்றினார் என்று அவர் பிற்காலத்திற் கூறியிருக்கின்றார். தம்மிடமிருந்த நல்ல காற்சட்டையை உடுத்து நகர வீதிகளிற் சுற்றி வந்தபோது அதில் எண்ணெய் தெறித்துப் பாழாகியிருந்தது. வாங்குகின்றவர்கள் வந்து ஏசப்போகின்றார்கள் என்று அவர் கணவரிடம் முறையிட்டார். வழக்கமாகச் சும்மா இரு என்று அதட்டுகின்றவர் அன்று சிந்தனையில் ஆழ்ந்தாராம்.

அந்த முறைப்பாடு இயந்திரவியலிற் பொருளுள்ள முறைப்பாடு. பிஸ்டனின் ஓரமே உறிஞ்சு வாயிலைத் திறந்து மூடும் எஞ்சினில், பிஸ்டன் மேலேறும்போது எவ்விடத்தில் வாயில் திறந்ததோ, கீழிறங்கும்போதும் அவ்விடத்திலேதான் மூடும். அதற்குள் கீழறை அமுங்கத் தொடங்கிவிடுவதால், உள்ளே புகுந்த கலவையின் ஒரு பகுதி காபரேற்றர் வழியே திரும்பித் துப்பப்படும். மெதுவாக ஓடும்போது இது மிகும். துப்பப்படுவது எண்ணெய் கலந்த பெற்றோலாதலால் ஓட்டுபவரின் ஆடை நனையும். அதனிலும் முக்கியமாக, அரிய எரிபொருள் வீணாகும். 1947இல், பழைய எஞ்சின்கள் தீர்ந்துபோகும் நிலையில், ஹொண்டா தம் பட்டறையிலேயே செய்த 'ஏ' வகை எஞ்சினை எடுத்துப் பாருங்கள். அங்கே உறிஞ்சு வாயில் சிலிண்டரில் இல்லை. கீழறையின் பக்கத்தில் இருக்கின்றது. சுற்றும் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டு அதனை வேண்டிய நேரத்தில் திறந்து, வேண்டிய நேரத்தில் மூடுகின்றது. பிஸ்டன் இறங்கத் தொடங்கியதும் வாயிலை அடைத்துவிடலாம், துப்புவதற்கு இடமில்லை. ஐந்நூறு எஞ்சின்களைத் திறந்து மூடிய கைகளுக்கு இக்குறை நன்றாய்த் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெண்மணியின் கறைபட்ட ஆடை அதனை நினைவூட்டியிருக்க வேண்டும்.

'ஏ' வகைக்கு முன்னே அவர் வேறோர் எஞ்சினையும் முயன்றார். பிஸ்டனின் தலையிலே புகைக்கூண்டுபோல் ஒன்று எழுந்து நிற்கும் அமைப்பு. புதிய கலவை பழைய புகையோடு கலந்து வீணாகாதபடி தடுப்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லது, ஆனால் அதனை வேண்டிய நுட்பத்தோடு கடையும் இயந்திரங்களும் உலோகமும் அவரிடம் இல்லை. அது கைவிடப்பட்டது. முற்றிலும் மூளையிலிருந்து பிறந்த எஞ்சின் தோற்று, திருத்த வேலையிலிருந்து வளர்ந்த எஞ்சின் வென்றது என்று சொல்லத் தோன்றுகின்றது. இதனை யான் ஒரு பொது விதியாக்க விரும்பவில்லை. ஆனால் திருத்துவோனைக் கண்டுபிடிப்போனுக்குக் கீழே ஒரு படியில் நிறுத்திப் பழகிய நம் கல்வி மரபு இவ்விடத்திற் சற்று நின்று பார்ப்பது நல்லது. பத்தாம் வகுப்பிற் கணிதத்தில் தேறாத பையனைக் 'கராச்சுக்கு அனுப்புங்கள்' என்று பெற்றோரிடம் சொல்லுகின்ற ஆசிரியர்கள் இன்றும் உளர். சிலிண்டரின் தேய்வை மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கில் அளக்க வேண்டிய இடம் கராச்சு என்பதை அவர்கள் அறியார்.

'ஏ' வகை எஞ்சினின் வலு ஏறத்தாழ அரைக் குதிரைவலு. அஃது 1951வரை உற்பத்தியாயிற்று. 1948 செப்ரெம்பரில் பத்து இலட்சம் யென் மூலதனத்தோடு பட்டறை ஒரு கம்பனியாயிற்று. அவ்வூரிலேயே தறிகள் செய்துவந்த சுசுக்கி நிறுவனம் 1952இல் முப்பத்தாறு கனசென்ரிமீற்றர் கொண்ட சைக்கிள் எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. ஹமமற்சு இசைக்கருவித் தொழிலிலிருந்து கிளைத்த யமஹா 1955இல் மோட்டார் சைக்கிள் துறையிற் புகுந்தது. ஒரே நகரம் மூன்று பெருநிறுவனங்களுக்குத் தாயாயிற்று.

1952இல் ஹொண்டா வெளியிட்ட 'கப்' என்னும் சைக்கிள் எஞ்சின், வெண்ணிறத் தாங்கியும் சிவப்பு மூடியும் உடையது. பின்சில்லின் அருகே பூட்டப்படுவது. அதனை விற்ற முறை குறிப்பிடத்தக்கது. நிறுவனத்தின் வாணிபப் பொறுப்பை ஏற்றிருந்த தக்கெயோ புஜிசவா, யப்பானெங்கும் உள்ள ஏறத்தாழ 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். பல்லாயிரம் கடைகள் மறுமொழி அனுப்பின. எஞ்சின் அட்டைப் பெட்டியிற் போய்ச் சேரும். கடைக்காரரே சைக்கிளிற் பூட்டிக் கொடுப்பார். சில்லுக்குக் கம்பி கட்டியும் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டும் வாழ்ந்த திருத்துநர்களே இவ்வாறு ஒரு பெருந்தொழிலின் முகவர்களாயினர்.

இரண்டு வீச்சு எஞ்சினின் புகையும் கரியும் ஹொண்டாவுக்குப் பிடித்தமானவையல்ல. 1951இலேயே பெரிய வண்டிகளுக்கு நான்கு வீச்சு எஞ்சினைக் கொண்டுவந்தார். 1958 ஆகஸ்டில் வெளிவந்த 'சூப்பர் கப்' ஐம்பது கனசென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நான்கு வீச்சு எஞ்சின் உடையது. உணவுக் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டத்தக்கதாய் அதன் கிளச்சு தானாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டிலே இவ்வகை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது.

அவ்வண்டியின் இனத்தைச் சேர்ந்ததே 1972இல் யப்பானில் வெளிவந்த 'சாளி'. எங்கள் ஊர்களிலே ஆசிரியைமாரும் தாதிமாரும் ஓட்டிச் சென்ற அந்தச் சிறிய வண்டியை அறியாதார் இலர். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அதற்கும் மண்ணெண்ணெயே உணவாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிற் பற்றாது. ஆகையால் ஒரு சிறு போத்தலிற் பெற்றோலைப் பொன்போல் வைத்திருந்து, சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முச்சந்தியில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் அதே சடங்கு. ஹமமற்சுத் தெருக்களிற் பைன் எண்ணெய் மணந்த காலத்தை எங்கள் மெக்கானிக்குகள் அறிந்திருக்கமாட்டார்கள். ஆயினும் பற்றாத எண்ணெயை எவ்வாறு பற்றச் செய்வது, எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே ஒழுகி என்ஜின் ஒயிலை நீராக்கும்போது அதனை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது, பிளக்கிற் படிந்த கரியை எதனாற் சுரண்டுவது என்பனவற்றையெல்லாம் அவர்கள் எந்நூலையும் பாராது கண்டறிந்தார்கள். புது றிங்கும் பிஸ்டனும் வராத அந்த ஆண்டுகளிலே, ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றை ஓடச் செய்தார்கள். மண்ணெண்ணெயும் விலையேறிக் கிடைக்காதுபோன நாட்களில் சாளிகள் விறாந்தையில் நின்றன. ஆசிரியைமார் சைக்கிளிற் பாடசாலைக்கு வந்தார்கள்.